பின்னால் நின்று சொல்ல ஓர் ஆள்

பெருமாள்மலை முக்கில் வண்டிகளுக்கு ஒயரிங் பார்க்கும் வீரையா, தன் நாற்பத்தெட்டாம் வயதில் முதன்முறையாகத் தனியாக ஒரு வேலையைக் கையில் எடுத்தான். மனைவி ஜெயா செத்து மூன்று மாதம் ஆகியிருந்தது. கடையைத் திறக்கவே மனம் வராமல் கிடந்தவனைக் கேரட் வியாபாரி சண்முகராஜ்தான் விடாப்பிடியாக இழுத்து வந்தார்.

சண்முகராஜ் ஏலத்தில் பழைய மிலிட்டரி லாரி ஒன்றை எடுத்திருந்தார். எந்தச் சேற்றிலும் மாட்டாத வண்டி என்று ஊரெல்லாம் பெருமையடித்துக்கொண்டு திரிந்தார். இதுவரை டிராக்டர் இழுத்த டிரெய்லரை இனி அந்த லாரி இழுக்க வேண்டும். லாரியில் ஓடுவது இருபத்துநாலு வோல்ட், டிரெய்லருக்கு வேண்டியது பன்னிரண்டு. நேராகக் கொடுத்தால் டிரெய்லரில் ஒரு விளக்கும் மிஞ்சாது.

"லாரியில ரெண்டு பேட்டரி கெடக்குல்ல? ஒண்ணுல மட்டும் இழுத்து விட்ரு, சோலி முடிஞ்சது" என்றார்.

"அப்பிடி இழுத்தா அந்த ஒண்ணு சீக்கிரம் செத்துரும்ணே. மலையில நடுவழியில நிப்பீங்க."

வோல்ட்டைக் குறைக்கிற பெட்டி ஒன்றைத் திண்டுக்கல்லிலிருந்து வரவழைத்தான். லாரிப் பக்கத்து வேலை அல்வா சாப்பிடுவது மாதிரி நடந்தது. அந்த லாரியில் ஒயரெல்லாம் ஒரே நிறம். ஒவ்வொரு முனையிலும் ஒரு நம்பர். படித்துப் படித்து மாட்டினான். மத்தியானத்துக்குள் முடிந்துவிட்டது.

டிரெய்லரின் ஒயர்ப் பெட்டியைத் திறந்ததும் கை நின்றது. உள்ளே ஆறு ஒயர், நம்பர் கிடையாது, எல்லாம் கலர். சிவப்பும் பச்சையும் பழுப்பும், விளக்கில் மஞ்சளும்கூட, வீரையாவின் கண்ணுக்குப் பிறந்ததிலிருந்தே ஒன்றுதான்.

ஒயரிங்காரனுக்குக் கலர் தெரியாது என்றால் சிரிப்பு வரத்தான் செய்யும். சிரிக்கிறவர்கள் சிரித்துவிட்டுப் போகட்டும். இருபது வயதில் பட்டாளத்துக்கு ஆளெடுக்கும் இடத்தில், புள்ளி புள்ளியாக அச்சடித்த அட்டையில் என்ன எண் தெரிகிறது என்று கேட்டபோது திருதிருவென முழித்துத் திரும்பியவன் அவன். மார்பளவு போதவில்லை என்று ஊரில் சொல்லிக்கொண்டான்.

அதற்கு முன்னால் காப்பித் தோட்டத்தில் பட்டது வேறு. சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்த குடும்பம். இங்கே காப்பி பறிக்கும் வேலைதான் கிடைத்தது. பழத்தோடு பச்சைக் காயையும் உருவிப் போட்டு மேஸ்திரியிடம் ஏச்சு வாங்குவான். அடுத்த வரிசையில் பறித்த ஜெயாவுக்கு விஷயம் புரிந்துவிட்டது. யாரிடமும் மூச்சுவிடாமல், தன் பழத்தை அள்ளி அவன் கூடையில் மேலாகப் போட்டுவிட்டுப் போவாள். அவளைக் கட்டாமல் வேறு யாரைக் கட்டுவான்?

கல்யாணத்துக்குப் பிறகு அவள்தான் அவன் கண். வண்டிக்கு அடியில் படுத்தபடி கையை நீட்டுவான். சரியான ஒயரை வைப்பாள். பின்னால் நின்று, "பிரேக் எரியுதுங்க" என்பாள். பொண்டாட்டி இல்லாமல் ஒரு ஸ்க்ரூ கழட்டமாட்டான் என்று வண்டி ஸ்டாண்டில் கேலி பேசுவார்கள். பேசட்டும், விஷயம் வெளியே தெரியாமல் இருந்தால் போதும். தெரிந்தால் எவன் வண்டியைக் கொடுப்பான்?

சித்திரையில் அவளுக்கு வயிற்றுவலி. கொடைக்கானல் சீசன், கடை வாசலில் வண்டிகள் வரிசையாக நின்றன.

"மதுரைக்கு ஒரு எட்டு போயி காட்டிட்டு வந்துரவா?" என்றாள். அவன் வாயைத் திறக்குமுன் அவளே, "நான் போனா ஒங்களுக்கு யாரு கலர் சொல்லுவா? சீசன் முடியட்டும்" என்றாள்.

நீ போ என்று அவன் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை, பாவி. சுக்குக் கஷாயத்தைக் குடித்துவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றாள். ஆனியில் கூட்டிப்போனபோது, கொஞ்சம் முன்னாடியே வந்திருக்கக் கூடாதா என்று டாக்டர்கள் கேட்டார்கள். ஆவணியில் எல்லாம் முடிந்தது.

இப்போது ஒரு ஒயரை வோல்ட் குறைக்கும் பெட்டியோடு சேர்த்துவிட்டுப் பின்னால் ஓடினான். அங்கே ஒரே அளவில் மூன்று வட்ட விளக்குகள். ஒன்று எரிந்தது. அது பிரேக்கின் சிவப்பா, திரும்பும்போது போடுகிற மஞ்சளா? உற்று உற்றுப் பார்த்துக் கண்ணில் தண்ணீர் வந்ததுதான் மிச்சம்.

"வெரசா முடிப்பா, மூடுமஞ்சு எறங்குது" என்று வந்து நின்றார் சண்முகராஜ்.

குத்துமதிப்பாக மாட்டிவிட்டால் என்ன என்று ஒரு நிமிடம் தோன்றியது. அந்தப் பனிமூட்டத்துக்குள் டிரெய்லருக்குப் பின்னால் வருகிற பஸ்ஸை நினைத்தான். கை கூசியது.

"அண்ணே, இங்கன நின்னு எது செவப்பா எரியுதுன்னு சொல்லுங்க. எனக்கு..." கண்ணைத் துடைத்துக்கொண்டான். "எனக்குக் கலர் தெரியாதுண்ணே. பொறந்ததுலருந்தே."

இனி கடையைப் பூட்ட வேண்டியதுதான் என்று தலையைக் குனிந்துகொண்டான்.

"இதுக்கா இம்புட்டு நேரம் முழிச்சுக்கிட்டு நின்ன?" என்றார் சண்முகராஜ். "ஸ்டாண்டுல எல்லாருக்கும் தெரிஞ்சதுதானப்பா. எந்தம்பி வண்டியில செவப்பு டேப்புக்குப் பச்சைய சுத்திவிட்டியே, பத்து வருசம் இருக்கும். வேலை சுத்தமா இருந்துச்சு, பெறகு நமக்கென்ன? கேட்டா நீ சங்கடப்படுவன்னு ஒருத்தரும் கேக்கல. ஒரு சத்தம் குடுத்திருந்தா எவனாச்சும் வந்து நின்னு சொல்லியிருப்பான்."

வீரையா முன்பக்கம் வந்தான். பத்து வருடமாக எல்லாருக்கும் தெரியும். அப்படியானால் சித்திரையிலேயே அவள் மதுரைக்குப் போயிருக்கலாம். அவள் நின்ற இடத்தில் எவனாவது நின்றிருப்பான். டிரெய்லர்ச் சக்கரத்தில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தான். கையிலிருந்த அடுத்த ஒயரைப் பெட்டியோடு சேர்த்தான்.

"செவப்பு எரியுதுப்பா!" என்று மஞ்சுக்குள்ளிருந்து சண்முகராஜின் குரல் வந்தது. "வீரையா, கேக்குதா? செவப்பு!"

கேட்டது. ஒயரை அப்படியே பிடித்துக்கொண்டு அவன் வாய்விட்டு அழுதான்.