அப்பா கேட்ட கார்

ஜமீன் ஒழிந்த பிறகும் ஊரார் எங்கள் வீட்டை அரண்மனை என்றுதான் சொன்னார்கள். அப்பாவை ராசா என்றார்கள். வரி வாங்கும் உரிமை போய், வெம்பக்கோட்டைப் பக்கம் கொஞ்சம் கரிசல் காடும் பாதி அறைகள் பூட்டிக் கிடந்த அந்த வீடும்தான் மிஞ்சியிருந்தன. மழை தவறிய வருஷங்களில் கம்பங்கூழ் குடித்தோம். அப்போது மட்டும் அப்பா வாசல் கதவைச் சாத்தச் சொல்வார்.

போன மதிப்பைத் திரும்பப் பிடித்துவிட வேண்டும் என்பதுதான் அவருடைய ஒரே ஆசை. அதற்கு அவர் கண்ட வழி என் அக்கா. மேற்கே மலையடிவாரத்தில் எங்களைவிடப் பெரிய ஜமீன் ஒன்று இருந்தது. அதிகாரம் அவர்களுக்கும் போயிருந்தது, தோப்பும் துரவும் போகவில்லை. அந்த வீட்டு மூத்த பையனுக்கு அக்காவைப் பேசி முடித்தார். அக்காவோ டீச்சர் ட்ரெயினிங் சேர வேண்டும் என்று பள்ளிக்கூடத்து டீச்சரம்மாவிடம் சொல்லி வைத்திருந்தாள்.

"ராசா மக சம்பளத்துக்குக் கை நீட்டுறதா?" என்று அப்பா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். கல்யாணத்தன்று அக்கா தலை நிமிரவே இல்லை. எல்லாரும் அடக்கமான பெண் என்றார்கள்.

கல்யாணச் செலவுக்காக எங்கள் பழைய காரை விற்றிருந்தார். அதற்குப் பிறகு அப்பா அக்காவைப் பார்க்கப் போகவில்லை. "சம்பந்தி வாசல்ல பஸ்ஸ விட்டு எறங்கி நடந்து போயி நிக்க மாட்டேன்" என்பார். சீர் எல்லாம் ஆள் மூலமாகப் போயிற்று. அவள் கர்ப்பமானபோது, மருமகளைத் தாய்வீட்டுக்கு அனுப்பும் வழக்கம் தங்களுக்கு இல்லை என்று சொல்லியனுப்பினார்கள். அப்பா அதைக்கூடப் பெருமையாகத்தான் சொல்லிக்கொண்டார்.

ஐப்பசி பிறந்திருந்த சமயம், அக்கா வாழ்க்கைப்பட்ட ஊர் நர்ஸம்மா ஒருவர் எங்கள் வீடு தேடி வந்தார். வேதக்காரப் பெண், கழுத்தில் சிலுவை தொங்கியது. யாரும் அனுப்பாமல் தானாகவே பஸ் ஏறி வந்திருந்தார்.

"அய்யா, உங்க மகளுக்குக் கை காலெல்லாம் வீங்கியிருக்கு. கண்ணு மங்குதுங்கிறா. உடனே விருதுநகருக்குக் கொண்டு போயி டாக்டர்ட்ட காட்டணும். அங்கன சொன்னா கேக்க மாட்டேங்காக. அரமனைப் பொண்ண ஆம்பள டாக்டர் தொடக்கூடாதாம். பெத்த தகப்பன் வந்து கூப்பிட்டா மறுக்க மாட்டாக. இன்னைக்கே வாங்க."

அப்பாவின் முகம் கறுத்துப் போனது. உடனே சிவகாசிக்கு ஆள் அனுப்பி வாடகைக் கார் தேடச் சொன்னார். தீபாவளி சீசன். பட்டாசு வாங்க வந்த வெளியூர் வியாபாரிகள் ஒரு காரையும் விட்டு வைக்கவில்லை. போன ஆள் வெறுங்கையோடு திரும்பினான்.

"விஸ்வநத்தத்துல வெடிக் கம்பெனி வச்சிருக்காகல்ல, அவுகட்ட கார் இருக்கு. ஒரு வார்த்தை கேட்டா குடுப்பாக" என்றாள் அம்மா.

"அவன் அப்பன் நம்ம களத்துல மூட்டை தூக்குனவன். அவன்ட்ட போயி நான் நிக்கணுமா?"

"அப்ப பஸ்ஸுல போவோம்."

அப்பா திண்ணையில் போய் உட்கார்ந்தார். காலையில் எப்படியும் ஒரு கார் கிடைத்துவிடும் என்று தனக்கே சொல்லிக்கொள்வதுபோல முணுமுணுத்தார்.

காலையிலும் கார் கிடைக்கவில்லை. மூடுவண்டியில் அல்லாமல் வெளியே போய் அறியாத என் அம்மா, என் கையைப் பிடித்துக்கொண்டு வாசலில் இறங்கினாள்.

"நீ தெருவுல இறங்குனா நம்ம மானம் போச்சு" என்றார் அப்பா.

"என் மக போயிருவா போலிருக்கே" என்றாள் அம்மா. திரும்பிப் பார்க்கவில்லை.

பஸ் படியில் கால் வைக்க அவளுக்குத் தெரியவில்லை. கண்டக்டர் கை கொடுத்தார். உள்ளே இருந்த பெண்கள் பதறி எழுந்து, "நீங்க உக்காருங்க ராணியம்மா" என்றார்கள். ஊர் வந்து சேரும்வரை அவள் பிடித்த பிடியில் என் கை வலித்தது.

பஸ்ஸில் வந்தவர்கள் என்பதால் எங்களைப் பின்வாசல் வழியாகத்தான் உள்ளே விட்டார்கள். அக்காவின் முகம் எனக்கு அடையாளமே தெரியவில்லை. அம்மாவின் கன்னத்தைத் தடவிப் பார்த்து, "அம்மாவா?" என்றாள். பிறகு, "அப்பா வரலையா?" என்றாள்.

"கார் எடுக்கப் போயிருக்காக. வந்துருவாக தாயி."

அம்மா சம்பந்தியின் காலில் விழுந்தாள். "ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறேன், என் மகளக் குடுங்க" என்று அழுதாள். அவர் இரண்டடி பின்னால் தள்ளி நின்றார்.

"ராசா வந்து கேக்கட்டும். பொம்பள பேச்சக் கேட்டு அனுப்புனா ஊர் என்ன சொல்லும்?"

மத்தியானத்துக்கு மேல் அக்காவுக்கு வலிப்பு வந்தது. ஒன்று நிற்பதற்குள் அடுத்தது. விளக்கு வைக்கும் நேரத்தில் அடங்கிவிட்டாள். பிள்ளையும் அவளோடு போயிற்று.

அதற்குப் பிறகுதான் முன்வாசலில் கார் வந்து நின்றது. அப்பா தலைப்பாகையோடு இறங்கினார். சம்பந்தி வாசல்வரை போய்க் கைகூப்பினார். உள்ளேயிருந்து வந்த அழுகைச் சத்தத்தைக் கேட்டதும் அப்பா நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார். புழுதியில் அவர் உட்கார்ந்து நான் பார்த்தது அன்றுதான்.

கருமாதி முடியும்வரை அவர் சரியாகச் சாப்பிடவில்லை. அம்மா சாப்பிடச் சொல்லவும் இல்லை. ஒரே வீட்டில்தான் இருந்தார்கள். சோறு வைப்பாள், தண்ணீர் வைப்பாள், பேசமாட்டாள். வாடகைக் கார் கிடைக்கும்வரை மகளைச் சாகவிட்ட மனிதர் என்றுதான் அவரைப் பற்றி நினைத்திருந்தாள். நானும் அப்படித்தான் நினைத்தேன். என்னை ட்ரெயினிங் ஸ்கூலில் சேர்க்க டீச்சரம்மா வந்து கேட்டபோது, அப்பா தலையை மட்டும் அசைத்தார்.

ஆறேழு வருஷம் கழித்து அப்பா இறந்தார். துட்டி கேட்க வந்தவர்களில் விஸ்வநத்தத்துக் கம்பெனிக்காரரும் ஒருவர். என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"அன்னைக்கு உச்சி வெயில்ல ராசா நடந்தே வந்தாகம்மா. கம்பெனி வாசல்ல வேப்பமரத்தடியில பொழுது சாயிறவரைக்கும் நின்னாக. உள்ள வாங்கன்னா வரல. 'என் மகளப் பாக்கணும், உன் காரக் குடுப்பியா'ன்னு கேட்டாக. டிரைவரக் கூப்பிட்டு அப்பவே அனுப்பிட்டேன். 'நான் வந்து கேட்டத யார்ட்டயும் சொல்லாத'ன்னாக. இம்புட்டு நாளும் நானும் சொல்லல."

அன்று சாயங்காலம் அம்மாவிடம் அதைச் சொன்னேன். அப்பா இறந்ததற்கு அவள் கண்ணீர் விட்டிருக்கவில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தவள் என்னையே பார்த்தாள்.

"கேட்டாகளா?" என்றாள். "அவன்ட்டயா? நடந்தா போனாக?"

நான் தலையசைத்தேன்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்று சொல்லிவிட்டு, முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு அழ ஆரம்பித்தாள்.