கையில் ஒரு வளையம் நூல்

எனக்குச் சும்மா நிற்கத் தெரியாது. லிஃப்டின் பொத்தானை ஒரு தரம் அழுத்திவிட்டு ஆறுதலாகக் காத்திருக்கிற ஆள் நான் இல்லை. அது வந்து சேரும்வரை அழுத்திக்கொண்டேயிருப்பேன். சோறு வேகிற நேரத்துக்குள் குளியலறையைக் கழுவி முடிப்பேன். வளைகுடாவில், ஃபஹாஹீலில் நான் வேலை செய்கிற கம்பனியில் எனக்குப் பெயர் ‘யல்லா மேடம்’; அரபியில் ‘யல்லா’ என்றால் ‘கெதியா, நட’.” கணவர் வேறு நாட்டில், தோஹா தொழில்பேட்டையில் ஒரு கராஜைப் பார்த்துக்கொள்கிறார். போனில் என் மூச்சைக் கேட்டதுமே, “ஒரு இடத்தில இருந்து கதையுமப்பா” என்பார். நான் நடந்துகொண்டுதான் கதைப்பேன்.

இப்படிப்பட்டவளுக்குத்தான் ஒரு தூண்டில்காரன் வந்து பிறந்தான். எங்கள் ஒரே மகன்.

இங்கேயே பிறந்து, இங்கேயே பள்ளிக்கூடம் போய், பிறகு கனடாவுக்குப் படிக்கப் போனவன். எஞ்சினியரிங் முடித்தான். ஒரு அலுவலகத்தில் சேர்ந்தான். வருடம் திரும்புவதற்குள் அதை உதறிவிட்டு, மேற்குப் பக்கம் மலைகளுக்கு நடுவே ஏதோ ஓர் ஆற்றங்கரைக்குப் போய்விட்டான். வெளியூரிலிருந்து மீன் பிடிக்க வருகிறவர்களுக்கு வழிகாட்டுவது இப்போது அவன் தொழில். ‘மகன் என்ன செய்யிறார்?’ என்று யாழ்ப்பாணத்துச் சனம் கேட்டால், ‘சுற்றுலாத் துறை’ என்று சொல்லிக் கதையை மாற்றுவேன். மீன் வாங்கித் தின்னுவோம், பிடிக்கப் போகமாட்டோம் என்பதையே ஒரு பெருமையாக வைத்திருக்கிற ஆட்கள் நாங்கள். அந்த வெட்கங்கெட்ட பெருமை என்னிடமும் இருந்தது. இல்லையென்று ஏன் சொல்லவேண்டும்?

போன கார்த்திகையில் விசிட் விசாவில் வந்தான். தோளில் ஒரு நீளக் குழாய். நானோ அவன் வருவதற்கு முன்பே எல்லாம் ஒழுங்குபண்ணி வைத்திருந்தேன். எங்கள் மனேஜரை விடாமல் பிடித்து, அவன் திரும்பிப் போகிற ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே ஒரு இன்டர்வியூ. வேலை சரிவந்தால் கம்பனியே விசா அடித்து அனுப்பும். என் பிள்ளை என் பக்கத்துக்கு வந்துவிடுவான். வேறெந்த ஆசையும் எனக்கு இருக்கவில்லை.

புட்டைத் தட்டில் போட்டபடியே சொன்னேன்.

“ஞாயிறு இன்டர்வியூ. சேர்ட் அயன் பண்ணி வைச்சிருக்கிறன்.”

“அம்மா, எனக்கு வேலை இருக்குதானே.”

“உதுக்குப் பேர் வேலையோ? ஆத்துக்குள்ள நிண்டு வெள்ளைக்காரருக்கு மீன் காட்டுறது?”

“காட்டுறதுதான் கஷ்டம். சில கிழமை ஒண்டுமே வராது.”

“மீனும் வராதோ! நல்ல வேலையடா!”

அவனுக்குக் கோபம் வராது, தகப்பனைப்போல. அந்த மீனைப் பற்றிச் சொல்லத் தொடங்கினான். ஸ்டீல்ஹெட் என்று பெயர். ஆற்றில் பிறந்து, கடலுக்குப் போய் வளர்ந்து, முட்டையிடப் பிறந்த ஆற்றுக்கே திரும்பி வருமாம். நான் விடுவேனா?

“பாத்தியோ, மீனுக்கு இருக்கிற அறிவு உனக்கில்லை. அது பிறந்த இடத்துக்கு வருகுது.”

“நானும் பிறந்த இடத்துக்குத்தானே வந்து நிக்கிறன். விசிட் விசாவில.”

அவன் பிறந்த ஆஸ்பத்திரி எங்கள் பல்கனியிலிருந்து தெரியும். எனக்குச் சுருக்கென்றது. “அதுக்குத்தானேடா வேலை விசா அடிக்கச் சொல்லி நிக்கிறன்” என்று கத்தினேன். அவன் சிரித்துக்கொண்டே அந்தக் குழாயைத் திறந்து தூண்டில் தடியை எடுத்தான்.

“சரி, ஒரு பந்தயம். நான் போறதுக்கு முதல் நீங்கள் இதில ஒரே ஒரு மீன் பிடியுங்கோ. பிடிச்சா இன்டர்வியூக்குப் போறன். வேலை கிடைச்சா வந்திடுறன். சொன்னா சொன்னதுதான்.”

அவன் வாக்கு மாறமாட்டான். அது எனக்குத் தெரியும். மீன் சந்தையில் செவுளைத் தூக்கிப் பார்த்து வியாபாரியோடு மல்லுக்கட்டுகிறவள் நான். ஒரு மீன் என்ன பெரிய காரியம் என்று நினைத்தேன்.

அடுத்த நாள் விடியலிலிருந்து, டியூட்டிக்குப் போவதற்கு முன், அலைதடுப்புக் கல்லணையின் ஓரத்தில் நின்றோம். கடல் ஏறி இறங்கும்போது அந்தக் கற்களின் இடைவெளியால் தண்ணீர் ஆறு மாதிரி ஓடும். இத்தனை வருடம் அந்தக் கரையில் நடந்தும் நான் கவனித்ததில்லை. அவன் வந்து பார்த்தவுடனே கண்டுபிடித்தான்.

ஸ்பே ராட் என்பது இரண்டு கையாலும் பிடிக்கிற தடி. நிமிர்த்தினால் இரண்டு ஆள் உயரம். ஈயம் கிடையாது, இரை கிடையாது. நூல்தான் பாரம். நுனியில் இறகும் மினுக்கமும் சுற்றிய ஒரு கொக்கி. காடு நெருங்கிய ஆற்றங்கரையில் நூலைப் பின்னால் வீச இடமிருக்காது. அதனால் நூலைத் தண்ணீரின் மேல் வளைத்து இழுத்துவந்து, பக்கத்தில் ஒரு கணம் இருக்கவிட்டு, அங்கிருந்தே முன்னால் எறியவேண்டும். இங்கே எங்களுக்குப் பின்னால் காடு இல்லை. நடைபாதையும், டிராக் சூட் போட்ட மாமாமாரும்தான்.

அந்த ஒரு கணம்தான் எனக்கு வரவில்லை. நூல் வந்து சேர்வதற்குள் எறிந்துவிடுவேன். அது என் காலடியில் இடியப்பம் பிழிந்ததுபோல விழும்.

“பொறுங்கோ அம்மா.”

“பொறுத்துத்தானே நிக்கிறன்!”

“எங்க பொறுத்தியள்? கால் ரெண்டும் நடந்துகொண்டு நிக்குது.”

குனிந்து பார்த்தேன். உண்மைதான், மணலில் ஒரு குழியே விழுந்திருந்தது.

அதைவிடப் பெரிய விசர் அந்தக் கொக்கி. அதன் கூர் நுனியில் திருப்பி நிற்கும் சின்ன முள்ளையும் குறட்டால் நசுக்கி வைத்திருந்தான், மீனுக்கு நோகாமல் கழற்றி விடுவதற்காம். இரையுமில்லாமல், மாட்டிய மீனைப் பிடித்து வைக்க முள்ளுமில்லாமல் மீன் பிடிக்கிற கூட்டத்தை நான் அன்றைக்குத்தான் கண்டேன். மறுநாள் குளிர்பெட்டியிலிருந்து ஒரு நல்ல இறாலை உரித்து எடுத்துப்போய், அவன் காலணியைக் கழற்றிக்கொண்டிருந்த நேரம் பார்த்து, அந்த இறகுக்குள் குத்திவிட்டேன். எறிந்தேன். இறால் கழன்று, என் தலைக்கு மேலால் பறந்து, நடைபாதையில் ஒரு பூனையின் முன்னால் விழுந்தது. பூனை மேலே பார்த்தது, பிறகு தின்றது. என் பிள்ளை மணலில் இருந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அவன் அப்படிச் சிரித்து எத்தனை காலம்! எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனாலும் அழுங்குப்பிடியாக மறுபடி எறிந்தேன்.

வியாழக்கிழமை முதன்முதலாக ஒரு மீன் இழுத்தது. டுக் என்று நூலில் ஒரு தட்டு. நான் தடியை இரண்டு கையாலும் வானத்துக்குத் தூக்கி வெட்டினேன். ஒன்றுமில்லை. வெறும் நூல் முகத்தில் வந்து அடித்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

“அதின்ட வாயிலிருந்து பறிச்சிட்டியள்” என்றான். “அது திரும்பமுதலே இழுத்தா எப்படிக் கொழுவும்?”

என் இடது கையைப் பிடித்து, விரலுக்கும் தடிக்கும் இடையில் நூலை ஒரு வளையமாகத் தொங்கவிட்டான். “இதைப் பிடிச்சுக்கொண்டு நில்லுங்கோ. மீன் கேட்டா, இதைக் குடுங்கோ. அவ்வளவுதான். அது வாங்கிக்கொண்டு திரும்பட்டும். நீங்கள் ஒண்டும் செய்யக்கூடாது.”

“ஒண்டும் செய்யாமல் எப்படியடா மீன் பிடிக்கிறது?”

“அங்க என்னட்ட வாறவையும் இதைத்தான் கேக்கிறவை.”

அந்த நாட்களில் அலுவலகத்தில் எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. கணினிக்கு முன்னால் இருந்தபடியே இடது கையில் மவுஸ் வயரை வளையமாகப் பிடித்துப் பார்ப்பேன். கேட்டால் கொடு, கேட்டால் கொடு என்று மனதுக்குள் சொல்லுவேன். அதற்குள் மனம் ஞாயிற்றுக்கிழமைக்கு ஓடிவிடும். கணவரிடம் சொன்னேன். “விடுமப்பா அவனை” என்றார். “நீர் விட்டு விட்டுத்தான் இந்த நிலமை” என்று போனை வைத்தேன்.

சனிக்கிழமை, கடைசிக் காலை. நான் எறிந்துகொண்டேயிருந்தேன். முதுகு விண்விண் என்று வலித்தது. வெயில் ஏறத் தொடங்க, அவன் மலையாளி கஃபட்டேரியாவைக் காட்டி, “கரக் டீ வாங்கிக்கொண்டு வாறன், ரெண்டு நிமிசம்” என்று போனான். கரையில் நானும், கொஞ்சம் தள்ளிக் குப்பை பொறுக்கிக்கொண்டிருந்த ஒரு பங்களாதேஷ்காரரும் மட்டும்.

எறிந்தேன். நூல் நேராகப் போய் விழுந்தது. அவ்வளவு நேராக அது ஒருநாளும் போனதில்லை. ஓடுகிற தண்ணீர் இறகை மெல்ல மெல்லக் குறுக்கே இழுத்துக்கொண்டு வந்தது. விரலில் வளையம். அப்போது அந்தத் தட்டு வந்தது. வளையம் என் விரலிலிருந்து தானே வழுக்கிப் போனது. நான் கொடுத்தேன். வேறொன்றும் செய்யவில்லை. தடி வளைந்தது, ரீல் கிறீச்சிட்டது, தூரத்தில் ஒரு வெள்ளி மீன் தண்ணீருக்கு மேலே எழும்பி விழுந்தது. கட்டா மீன்! ஐயோ, என் நெஞ்சு அடித்த அடி!

எவ்வளவு நேரம் என்று தெரியாது. அது ஓடும்போது ஓடவிட்டேன், நிற்கும்போது சுற்றினேன். என் கால்கள் ஒரே இடத்தில் நின்றன. கடைசியில் முழங்கால் தண்ணீருக்குள் அது சரிந்து வந்தது. தடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, குனிந்து, வாலடியில் பிடித்தேன். கை நிறைய இருந்தது. பச்சையும் வெள்ளியுமாக, பக்கத்தில் கறுப்புப் பொட்டுகள். சந்தையில் எத்தனை கட்டா வாங்கியிருப்பேன். உயிரோடு ஒன்றைத் தொட்டது அன்றைக்குத்தான்.

“மேடம்! படா மச்லி!” பெரிய மீன் என்று கத்திக்கொண்டு அந்தப் பங்களாதேஷ்காரர் ஓடிவந்து மொபைலை எடுத்தார். “போட்டோ?”

அப்போதுதான் பந்தயம் ஞாபகம் வந்தது. இதற்கென்றே நின்றவள், அந்த மீன் பட்டதிலிருந்து அதுவரை மகனையும் இன்டர்வியூவையும் நினைக்கவேயில்லை. மண்டைக்குள் ஒரு சத்தமும் இல்லை. இந்த நாட்டுக்கு வந்த நாளிலிருந்து எனக்கு அப்படி இருந்ததேயில்லை.

வென்றுவிட்டேன். வாயைத் திறந்து ஒரு சத்தம் போட்டால் போதும், கஃபட்டேரியா வாசலில் நிற்கிறவனுக்குக் கேட்கும். அவன் வாக்கு மாறமாட்டான். நாளைக்கு அயன் பண்ணிய சேர்ட்டைப் போட்டுக்கொண்டு வருவான், கேட்டதற்கெல்லாம் வடிவாகப் பதில் சொல்லுவான், வேலையும் கிடைக்கும். எங்கள் மாடியில் சுவரைப் பார்த்தபடி ஒரு கதிரை கொடுப்பார்கள். அந்தக் கதிரையை எனக்குத் தெரியும். அதில் இருந்துகொண்டு கால் ஆட்டியே என் வயது போனது. என்னோடு கோபிக்கவும் மாட்டான் அந்தப் பிள்ளை. அதுதான் எனக்குத் தாங்காது என்று தோன்றியது.

கொக்கியைத் தொட்டேன், கழன்றது. கையைத் திறந்தேன். மீன் கொஞ்ச நேரம் அப்படியே நின்றது, பிறகு போய்விட்டது. ‘விசரி, விசரி’ என்று என்னை நானே திட்டிக்கொண்டேன். கண்ணீர் வந்தது. உப்புத் தண்ணீரால் முகத்தைக் கழுவினேன்.

“மாஃபி போட்டோ, பாய். கலாஸ்.” போட்டோ வேண்டாம், முடிந்தது என்றேன். அந்த மனுஷன் மொபைலைத் திரும்பப் பைக்குள் வைத்தார்.

மகன் இரண்டு கப்போடு வந்தான். “என்னம்மா, முழுக்க நனைஞ்சிருக்கிறியள்?”

“வழுக்கிட்டன்.”

“ஏதும் மீன் பட்டதோ?”

நான் பதில் சொல்வதற்குள் பங்களாதேஷ்காரர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு அவனைப் பார்த்துக் கையை விரித்தார். “மாஃபி மச்லி, பாய்.” மீன் இல்லையாம். குப்பைப் பையைத் தூக்கிக்கொண்டு நடந்தார். நான் கரக்கைக் குடித்தேன். ஆறியிருந்தது.

ஞாயிறு காலை மனேஜருக்கு, மகனுக்குக் காய்ச்சல் என்று போன் பண்ணிச் சொன்னேன். அன்று பின்னேரம் விமான நிலையத்தில் அவன் கையில் அந்தக் குழாய் இல்லை.

“ராட் உங்களோடயே இருக்கட்டும் அம்மா. நேரம் போதாமல் போச்சுது, அது நியாயமில்லை. பந்தயம் அப்படியே இருக்கு. எப்ப பிடிச்சாலும் ஒரு போன் பண்ணுங்கோ, அந்த வேலைக்கு வாறன்.”

“போடா, பிளேனைத் தவறவிடப்போறாய்” என்று தள்ளிவிட்டேன்.

இப்போதும் வெள்ளிக்கிழமைகளில் போகிறேன். சில நாள் படும், பல நாள் படாது. பட்டதெல்லாம் கடலுக்கே திரும்பிப் போகும். பங்களாதேஷ்காரர் தூரத்திலிருந்து கை காட்டுவார். வீட்டுக்கு வந்ததும் அவன் கூப்பிடுவான். அவனுக்குப் பின்னால் ஆற்றுச் சத்தம் கேட்கும்.

“இண்டைக்கு ஏதும் பட்டதோ அம்மா?”

“இல்லையடா. ஒண்டுமில்லை.”

“விட்டிடாதேங்கோ. ஒரு நாளைக்குப் படும்.”

“பட்டா நீ எல்லாத்தையும் விட்டிட்டு இங்க வரவேணும். தெரியுமோ?”

“தெரியும்” என்றான் போன கிழமை. “வாறன் எண்டுதானே சொன்னனான்.”

நான் அந்த ஆற்றுச் சத்தத்துக்குக் காது கொடுத்தேன். “அம்மா, லைனில நிக்கிறியளோ? நடக்கிற சத்தத்தைக் காணேல்லை” என்றான். இருந்துதான் கதைக்கிறேன் என்று சொன்னேன்.