பதினோரு பேர் சொன்ன விடை

“முதல் பானிபட் போர் எந்த வருசம்? சொல்லிட்டு எடுத்துக்கிடுங்க சார்” என்று கேட்டபடியே ராம்புட்டானைத் தராசில் அள்ளிப் போடுகிறார் முத்துவடிவு. எதிரே நிற்பவர் ஐந்தருவியில் குளித்துவிட்டு ஈரத் துண்டோடு வந்த கோயம்புத்தூர்க்காரர். பல் தந்தியடிக்கிறது. “ஆயிரத்து ஐநூத்தி இருபத்தாறுங்க” என்கிறார். நிறுத்த எடைக்கு மேல் ஒரு பழம் கொசுறாக விழுகிறது. தெரியாது என்றிருந்தால் எடை எடைதான், கொசுறு கிடையாது.

முத்துவடிவு அக்காவுக்கு வயது ஐம்பத்தெட்டு. படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. சீசன் தொடங்கிச் சாரல் விழுந்துவிட்டால் மூன்று மாதத்துக்கு ஐந்தருவியில் பழக்கடை. நம்மைச் சோதிக்கிறார் என்றுதான் வருகிறவர்கள் எல்லாரும் நினைக்கிறார்கள். தென்காசியில் வங்கி வேலை பார்க்கும் நானும் இரண்டு சீசன் அப்படித்தான் நினைத்துப் பயந்துகொண்டிருந்தேன். உண்மை என்னவென்றால், விடை அவருக்கே தெரியாது.

பொட்டலம் கட்டுவதற்குத் தென்காசியிலிருந்து பழைய பேப்பர் கட்டுக்கட்டாக வரும். அதை ஒரு வரி விடாமல் படித்த பிறகுதான் அக்கா பழத்தை மடிப்பார். பொது அறிவுப் பகுதியில் கேள்வி ஒரு பக்கத்தில் இருக்கும், விடை ஏழாம் பக்கத்தில் இருக்கும். அந்த ஏழாம் பக்கமோ யாருடைய மங்குஸ்தானையோ சுற்றிக்கொண்டு என்றைக்கோ மதுரைக்குப் போயிருக்கும். “கேள்வி எங்கிட்ட கெடக்கு, விடை ஊர் சுத்துது. நான் என்ன செய்ய?” என்பார். அதனால் வருகிறவர்களிடம் வசூல். பத்துப் பேருக்கு மேல் ஒரே மாதிரி சொன்னால் அதுதான் விடை என்பது அவர் சட்டம். உடனே பழப்பெட்டியின் அட்டையைக் கிழித்து, மார்க்கர் பேனாவால் கொட்டை எழுத்தில் எழுதிவிடுவார்.

வரலாறு பரவாயில்லை. சினிமாவும் பரவாயில்லை, தமிழின் முதல் பேசும்படம் வந்த ஆண்டை அருவிக்கரையில் அரைத் தூக்கத்திலும் சொல்ல ஆள் உண்டு. நடப்பு நிகழ்வுகளில்தான் சறுக்கும். ஒருமுறை ஊரடங்குக் காலத்துக் கட்டு ஒன்று வந்து சேர, அந்த வாரம் முழுக்க “இ-பாஸ் இல்லாம எந்தெந்த மாவட்டத்துக்குப் போலாம்?” என்று கேட்டுத் துண்டோடு நின்ற பாதிப் பேருக்குக் காய்ச்சல் வரவழைத்துவிட்டார். “பழசானா என்ன, நடந்ததுதான?” என்பது அவர் கட்சி. ஆனால் தமிழ்நாட்டில் முப்பத்திரண்டு மாவட்டம் என்று யாராவது சொன்னால் மட்டும் அவருக்குப் பொறுக்காது. “இப்ப முப்பத்தெட்டு. நீங்க நிக்கிய எடமே புது மாவட்டம்தான். காலுக்குக் கீழ என்ன இருக்குன்னு பாத்துப் பேசுங்க!”

இந்த அட்டைகளெல்லாம் சாயங்காலம் மருமகள் சுஜிதாவிடம் போய்ச் சேரும். சுஜிதா அரசு வேலைக்கான தேர்வு எழுதுகிறார். இது மூன்றாவது முறை. போன முறை ஒரே ஒரு கேள்வியில் வேலை கைநழுவிப் போனது. அன்றிலிருந்து அந்த ஒரு கேள்வியைத் தேடித்தான் அக்கா ஊரையே உலுக்கிக்கொண்டிருக்கிறார் என்று எனக்குத் தோன்றும்.

இந்தியாவின் தேசிய விளையாட்டு எது என்ற கேள்விக்குப் பதினோரு பேர் ஹாக்கி என்றார்கள். ஒன்பதாவது ஆள் நான். சொல்லிக் கொசுறும் வாங்கித் தின்றேன். நாகர்கோவில்காரர் ஒருவர் மட்டும், “அப்படி எதையும் அரசாங்கம் அறிவிக்கவே இல்லை” என்றார். “இத்தாம் பெரிய நாட்டுக்கு ஒரு வெளையாட்டு இல்லாமலா இருக்கும்? போங்க அண்ணாச்சி” என்று அவரை அனுப்பிவிட்டு அட்டையில் ஹாக்கியை ஏற்றினார் அக்கா. புத்தகத்தில் வேறு மாதிரி இருக்கிறதே என்றாராம் சுஜிதா. “பதினோரு பேரு பொய்யா சொல்லுவாவ?” என்றாராம் அக்கா. அதற்காக மாமியாரும் மருமகளும் மூன்று நாள் பேசிக்கொள்ளவில்லை.

தேர்வில் அந்தக் கேள்வியே வந்துவிட்டது. ஹாக்கிதானே போட்டாய் என்று அக்கா வாசலிலேயே மறித்துக் கேட்க, “ஆமா அத்தே” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார் சுஜிதா. அவ்வளவுதான், அக்காவைப் பிடிக்க முடியவில்லை. பத்து நாளாக, பழம் வாங்கியவர், வாங்காதவர், வழி கேட்டவர் எல்லாரிடமும் இதே பேச்சு. “நான் சொல்லிக் குடுத்தது அப்படியே வந்திருக்கு, பாத்துக்கிடுங்க.”

பதினோராம் நாள் நான் போனபோது விடைக்குறிப்பு இணையத்தில் வந்திருந்தது. சுஜிதா சாப்பாடு கொண்டுவரும் வரை அக்காவுக்குப் பொறுக்கவில்லை. “ஒங்க போன்ல பாருங்க சார், எங்கண்ணு குளிரட்டும்.” பார்த்தேன். விடை ‘டி’: எதுவும் அறிவிக்கப்படவில்லை. தின்ற கொசுறை நினைத்து வெட்கமாக இருந்தது. போனை அவர் பக்கம் திருப்பிக் காட்டினேன். எழுத்துக் கூட்டிப் படித்தார். இரண்டாம் முறையும் படித்தார்.

அதன் பிறகு இரண்டு பேர் பழம் வாங்கினார்கள். ஒருவரிடமும் ஒரு கேள்வி கேட்கவில்லை. “ஒரு கேள்வியிலதான சார் போன தடவ போச்சு” என்று மட்டும் என்னிடம் சொன்னார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

ஒரு மணிக்குத் தூக்குச்சட்டியோடு சுஜிதா வந்தார். “என்ன அத்தே, மொகம் இப்படி இருக்கு?”

“ஒன் வேலைய நானே கெடுத்துட்டேன்ட்டி. ஹாக்கி இல்லையாம்.”

சுஜிதா தூக்குச்சட்டியைக் கீழே வைத்தார். என்னைப் பார்த்தார், தராசைப் பார்த்தார். “நான் டி-தான் போட்டேன் அத்தே. சொன்னா மறுபடி சண்ட வரும்னுதான் ஆமான்னேன்.”

அக்காவுக்கு அது விளங்கச் சிறிது நேரம் பிடித்தது. விளங்கியதும் எழுந்தார். “ஏட்டி, எங்கிட்டயே பொய்யா? பத்து நாளா அருவிக்கரை முழுக்கப் பெருமை பேச விட்டுட்டு வேடிக்கையா பாத்த? எம் மானத்த வாங்கிட்டியே, நீயெல்லாம் ஒரு பொம்பளப் பிள்ளையா?” என்று நாலு கடைக்குக் கேட்கும்படி திட்டத் தொடங்கினார். திட்டிக்கொண்டே மருமகளின் முகத்தை இரண்டு கையாலும் வழித்துத் தன் நெற்றிப்பொட்டில் வைத்து அழுத்தினார். பத்து விரலும் படபடவென்று சொடுக்கின.