சாரைப்பாம்பு முட்டையும் சிட்லபாக்கத்துக் கருணையும்

பாம்பு பிடிக்கிற வேலையில் பாம்பால் வரும் தொல்லை கொஞ்சம். பாம்பைப் பற்றி எல்லாம் தெரிந்தவர்களால் வரும் தொல்லைதான் தாங்காது. உங்கள் தொழிலை உங்களுக்கே சொல்லிக்கொடுப்பவர்களிடம் மாட்டியிருந்தால் என் வயிற்றெரிச்சல் புரியும். எல்லாம் சிட்லபாக்கம் ஏரிப் பக்கத்து அடுக்ககம் ஒன்றில் நடந்தது.

வேட்டி

அடுக்ககச் செயலாளர் அவசரமாகக் கூப்பிட்டார். நான் போவதற்குள், சுவரோரம் பின்னிக்கிடந்த இரண்டு பாம்புகள்மேல் புது வேட்டியை வீசி எடுத்திருந்தார். பிணையும் பாம்பின்மேல் போட்ட துணி வீட்டில் இருந்தால் செல்வம் வருமாம். ஒன்று பெண் சாரை, மற்றது ஆண் நாகம் என்றும் சாதித்தார். "சார், ரெண்டுமே சாரை, ரெண்டுமே ஆண். பெட்டைக்காகச் சண்டை போடுது. நாகம் நாகத்தோடதான் சேரும்" என்றேன். வேட்டியை மடித்தபடி சொன்னார்: "என் வொய்ஃப்கிட்ட சொல்லிடாதீங்க தம்பி, பூஜை ரூம்ல இடம் ஒதுக்கிட்டா."

மோட்டார் அறை

சில வாரம் கழித்து அங்கேயே மோட்டார் அறையில் ஒரு பெட்டைச் சாரையைப் பிடித்தேன். அடியில் தோல்போல மெத்தென்ற முட்டைகள். தாய் அடைகாக்க வேண்டியதில்லை, மண்ணின் கதகதப்பே போதும். அவை பொரிவதைப் பார்த்துவிட வேண்டுமென்று எனக்குக் கொள்ளை ஆசை. சாரைக்கு விஷமில்லை, எலியைத்தான் தின்னும், முட்டைகள் இங்கேயே இருக்கட்டும் என்று குடியிருப்பவர்களிடம் கெஞ்சி, யாரும் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டுத் தாயை மட்டும் கொண்டுபோனேன். வாட்ச்மேன் வழிமறித்தார்: "அம்மாக்காரி மோப்பம் புடிச்சிகினு திரும்பி வந்தா நான் இன்னா பண்றது அண்ணா? என் சேரு இங்கதான கீது."

தோசைத் திருப்பி

பொரியும் சமயத்தில் போய்ப் பார்த்தால், மேலே கிடந்த முட்டைகளெல்லாம் சுருங்கிப் பூஞ்சை பூத்திருந்தன. முதல் மாடி கோமதி அக்கா, பள்ளிக்கூட டீச்சர், தினமும் வேலைக்குக் கிளம்பும் முன் தோசைத் திருப்பியால் அவற்றைப் புரட்டிப் போட்டிருக்கிறார். பறவை முட்டையைப் புரட்டத்தான் வேண்டும். பாம்பு முட்டைக்குள் கரு ஒரு பக்கமாக ஒட்டி வளரும், புரட்டினால் செத்துப்போகும். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. கத்தலாமென்றால் அவர் கண் கலங்கி நின்றார்: "தாயில்லாத முட்டையாச்சேன்னுதான் தம்பி செஞ்சேன், கோழி அப்படித்தானே புரட்டும்?"

அடியில் கிடந்தவை

அடியில் ஒரு கொத்து ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தது. திருப்பியால் நெம்ப முடியவில்லையாம். அந்த வாரமே அவை பொரிந்தன. ஓட்டைக் கிழித்துக் குட்டிகள் தலையை நீட்டியபோது நான் மண்டியிட்டு ஒவ்வொன்றாக எண்ணத் தொடங்கினேன். அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு பார்த்தார். எட்ட நின்ற செயலாளர் மட்டும் விடவில்லை: "அப்பன் நாகமாச்சே, ஒண்ணாவது படம் எடுக்குதான்னு நல்லாப் பாருங்க தம்பி."

இத்தனை கருணைக்குப் பிறகும் இந்தப் பக்கத்தில் பாம்பு மிச்சமிருக்கிறதென்றால், சில முட்டைகள் விடாப்பிடியாக ஒட்டிக்கொள்வதுதான் காரணம்.