செத்தவர் பெயரில் இருந்த வேலை

குன்னூர்த் தேயிலை ஏல மென்பொருளின் பதினோரு வருட மாற்றப் பதிவுகளை, எஸ்.வி.என். என்ற பழைய சேமிப்பிலிருந்து ‘கிட்’ என்ற புதிய சேமிப்புக்கு மாற்றும் வேலை வாசுகியுடையது. எதை யார் எழுதினார்கள் என்ற பட்டியலை மேலாளர் சிவகுரு திருத்தி அனுப்பியிருந்தார். போன வருடம் இறந்துபோன காத்தமுத்து எழுதியதெல்லாம் இப்போது சிவகுருவின் பெயரில் இருந்தது. அவள் அவரைத் தன் கணினிக்கு அழைத்துக் காட்டினாள்.

“ஏனுங்க சார், இது காத்தமுத்து அண்ணன் எழுதினதுங்களே?”

“செத்தவன் வந்து கேக்கப் போறானா? சொன்னதைச் செய்ம்மா.”

காத்தமுத்து ஒவ்வொரு மாற்றத்துக்கும் மரியாதையாகக் குறிப்பு எழுதியவர். வாசுகி ஒன்றை உரக்கப் படித்தாள்.

“‘சிவகுரு சார் செய்த தப்பைச் சரிசெய்தேன்.’ இப்படி நூத்துக்கணக்குல கிடக்குதுங்க. உங்களை நீங்களே சார்னு கூப்பிட்டுக்குவீங்களா?”

“அப்ப குறிப்பையும் அழிச்சிரு.”

செத்தவர் இலையை வழித்து நக்குகிற மனுஷன் என்று நினைத்தவள், பட்டியலில் காத்தமுத்துவின் பெயரையே திரும்ப இட்டு, சிவகுருவின் கண்ணெதிரிலேயே புதிய சேமிப்புக்கு மாற்றும் நிரலை ஓடவிட்டாள்.