எல்லாத்துக்கும் அஞ்சு

மர்யம் தன் வாழ்நாளில் யாருக்கும் குறைந்த மதிப்பெண் போட்டதில்லை. அவள் செய்த தப்பு அது ஒன்றுதான்.

வயது ஐம்பத்தேழு. தீவின் வடக்குப் பக்கம் ஓர் அடுக்குமாடியின் நான்காவது தளத்தில் கணவர் ரவூப்போடு இருக்கிறாள். காலையில் பேரங்காடி ஒன்றில் கழிவறை துப்புரவு வேலை. அங்கே வாசலில் ஒரு சின்னத் திரை மாட்டியிருக்கிறார்கள். சிரித்த முகத்தில் தொடங்கிச் சுளித்த முகம் வரை ஐந்து முகங்கள். வெளியே போகிற பெண்கள் போகிற போக்கில் ஏதாவது ஒன்றைத் தட்டிவிட்டுப் போவார்கள். குழாயில் தண்ணீர் குறைவு என்றால் சுளித்த முகம், ஏசி குளிரவில்லை என்றால் சுளித்த முகம், வீட்டில் புருஷனோடு சண்டை என்றாலும் அதே முகம். சாயங்காலம் சூப்பர்வைசரிடம் திட்டு வாங்குவது மட்டும் மர்யம். அதனால் அவள் கிளினிக்குக்குப் போனாலும் உணவங்காடிக்குப் போனாலும், அந்தத் திரையைக் கண்டால் நின்று சிரித்த முகத்தை ஒரு தட்டுத் தட்டாமல் வரமாட்டாள்.

"யாரோ ஒரு புள்ளையோட பொழப்பு லா," என்பாள்.

ரவூப் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். நான்கு வருஷத்துக்கு முன்னால் ஸ்ட்ரோக் வந்து வலப்பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது. ஆறு மாதம் கழித்து ஒரே ஒரு சொல் மட்டும் திரும்பி வந்தது: "போவோம்." குடிக்கத் தே வேண்டுமென்றாலும் போவோம், மாத்திரை வேண்டாமென்றாலும் போவோம். குரலின் ஏற்ற இறக்கத்தை வைத்து மர்யம் கண்டுபிடித்துவிடுவாள். சனிக்கிழமை காலையில் மட்டும்தான் அந்தச் சொல்லுக்கு அதன் சொந்த அர்த்தம்.

சனிக்கிழமை என்றால் தேக்கா சந்தை உணவங்காடி. வீட்டுக்குக் கீழேயே பஸ் நிறுத்தம். ஓட்டுநர் இறங்கி வந்து சரிவுப் பலகையை விரிப்பார், சக்கர நாற்காலி ஏறும், ஐம்பது நிமிடத்தில் சிராங்கூன் சாலையில் இறக்கிவிடும். அந்த ஐம்பது நிமிடக் கணக்கு முக்கியம். ரவூப்பால் சிறுநீரை ஒரு மணி நேரத்துக்கு மேல் அடக்க முடியாது. டயப்பர் கட்டினால் இடக்கையாலேயே பிய்த்து எறிந்துவிடுவார். போய் இறங்கியதும் அவருடைய பழைய கூட்டாளி ரஃபீக் நாற்காலியை வாங்கித் தள்ளிக்கொண்டு கழிவறைக்குப் போவார். பிறகு மாடிப்படிக்குப் பக்கத்து மேசையில் ரஃபீக், சுந்தரம், ரவூப் மூன்று பேரும் உட்காருவார்கள். சுந்தரம் பேசுவார், ரஃபீக் மறுத்துப் பேசுவார், இரண்டு பேரும் சண்டை முற்றும்போது ரவூப் பக்கம் திரும்பி, "நீ சொல்லுப்பா, நான் சொல்றது சரியா தப்பா?" என்று கேட்பார்கள். ரவூப் "போவோம்" என்பார். "பாத்தியா, அவனும் என் கட்சிதான்," என்று இரண்டு பேரும் சொல்லிக்கொள்வார்கள். அந்த இரண்டு மணி நேரம் ரவூப் நோயாளி இல்லை. மூன்றில் ஒரு ஆள்.

போன வருஷம் பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை, தேக்காவுக்குப் போய்த் திரும்பிய களைப்போடு மர்யம் உட்கார்ந்திருந்தபோது ஒரு பெண் கதவைத் தட்டினாள். கையில் டேப்லெட், கழுத்தில் அட்டை, குதிகாலில் பிளாஸ்திரி. பெயர் ரக்ஷனா. நகரத்தில் வாழ்க்கைத் தரம் எப்படி இருக்கிறது என்று ஒரு ஆய்வு, பத்து நிமிடம் ஆகும் என்றாள். இந்தத் தளத்தில் ஆறு வீட்டில் யாரும் கதவைத் திறக்கவில்லையாம்.

தமிழ்ப் பெண், வெயிலில் அலைந்து முகம் கறுத்துப் போயிருந்தாள். மர்யம் உட்காரவைத்து, தேயும் கறிபாப்பும் கொடுத்து, "கேளும்மா," என்றாள்.

"சுத்தம் எப்படி ஆன்ட்டி? ஒண்ணுலேர்ந்து அஞ்சு வரைக்கும்."

"அஞ்சு."

"லிஃப்ட்?"

"அஞ்சு போடு." லிஃப்ட் முந்தின வாரம்தான் இரண்டு நாள் நின்றுபோயிருந்தது.

"சத்தம்? பூங்கா? பஸ் வசதி? ரயில் வந்ததுக்கு அப்புறம் போக்குவரத்து எப்படி இருக்கு?"

"எல்லாத்துக்கும் அஞ்சு போடும்மா," என்றாள் மர்யம். அந்த அஞ்சுகளோடு இந்தப் பெண் சூப்பர்வைசர் முன்னால் தலைநிமிர்ந்து நிற்பாள் என்று அவளுக்கு ஒரே சந்தோஷம்.

ஜூலையில் பஸ் நிறுத்தக் கம்பத்தில் அறிவிப்பு ஒட்டியிருந்தது. புதிய ரயில் தடம் வந்துவிட்டதாலும் பயணிகள் குறைந்துவிட்டதாலும் அந்தச் சேவை முடிவுக்கு வருகிறது. குடியிருப்பாளர்கள் புதிய போக்குவரத்து வசதியில் மிகுந்த மனநிறைவு கொண்டிருப்பதாக ஆய்வு காட்டுகிறது. மர்யம் அதைத் தமிழில் ஒரு தடவை படித்தாள். நம்பாமல் ஆங்கிலத்திலும் எழுத்துக்கூட்டிப் படித்தாள். ஒரு வீட்டின் ஒரு அஞ்சு ஒரு பஸ்ஸை நிறுத்திவிடாது என்று எவனும் சொல்லலாம். அவளிடம் போய்ச் சொல்லிப் பாருங்கள்.

தொகுதி எம்.பி. மக்களைச் சந்திக்கும் கூட்டத்துக்குப் போய் வரிசையில் நின்று சொன்னாள். மூன்று வாரத்தில் மரியாதையான பதில் வந்தது. சக்கர நாற்காலிக்குத் தடையில்லாத மாற்று வழி இருக்கிறது, இன்ன இன்ன லிஃப்ட் என்று வரிசையாகப் போட்டிருந்தார்கள். எல்லாம் உண்மைதான். நேரத்தை மட்டும் யாரும் போடவில்லை.

அந்த வழியில் ஒரே ஒரு தடவை போனார்கள். ரயில் நிலையத்துக்கு வேறு ஒரு பஸ், கீழே இறங்க லிஃப்ட், ரயில், மாறுகிற இடத்தில் முடிவே இல்லாத நடைபாதை, இன்னொரு லிஃப்ட். அந்த லிஃப்ட் முன்னால் பெட்டியும் தள்ளுவண்டியுமாக ஒரு கூட்டம். இரண்டு தடவை நிரம்பிப் போனது. மூன்றாவது தடவை கதவு திறந்தபோது ரவூப்பின் வேட்டி நனைந்து, நாற்காலிக்குக் கீழே தரையில் ஓடியது. பக்கத்தில் இருந்தவர்கள் காலை நகர்த்திக்கொண்டார்கள். மர்யம் பையிலிருந்த துண்டை எடுத்து மண்டியிட்டுத் துடைத்தாள். துடைப்பது அவளுக்குப் பழகின வேலை.

"போவோம்," என்றார் ரவூப். வீட்டுக்கு என்று அர்த்தம்.

டாக்ஸியில் பெருநாளுக்கு ஒரு தடவை போனார்கள். வாரா வாரம் அது நடக்கிற காரியமா? ரஃபீக் இரண்டு தடவை வீட்டுக்கு வந்தார். சுந்தரத்துக்கு முட்டி ஒத்துழைக்கவில்லை. சண்டை போட ஆளில்லாமல் ரஃபீக் நோயாளியைப் பார்க்க வந்தவர் மாதிரி ஆரஞ்சுப் பழத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ரவூப் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

ஆனாலும் சனிக்கிழமை ஒன்பது மணிக்கு அவர் தொப்பியை எடுத்து மடியில் வைத்துக்கொள்வதை விடவில்லை. "போவோம்?" என்பார்.

"பஸ் லேட்டு மச்சான்," என்பாள் மர்யம். வேறென்ன சொல்ல? கீழே கம்பத்தையே பிடுங்கிவிட்டார்கள். நான்காவது மாடியிலிருந்து அவருக்கும் அது தெரியும்.

இந்த வருஷம் பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை காலை ஒன்பது மணி வாக்கில் ரக்ஷனா மறுபடியும் வந்தாள். ரவூப் ஜன்னலோரம் நாற்காலியில் இருந்தார். மர்யம் அவளை உட்காரச் சொன்னாள். தே போடவில்லை.

"பஸ் கேள்வி எப்போ வரும்?"

ரக்ஷனா திரையைத் தள்ளிப் பார்த்தாள். "இந்த வருஷம் பஸ் பத்தி கொஸ்டின் இல்ல ஆன்ட்டி. இங்கதான் அந்த பஸ் இல்லையே."

மர்யம் ஏழு மாதமாக அந்த ஒரு கேள்விக்குத்தான் காத்திருந்தாள். "போன தடவை எல்லாத்துக்கும் அஞ்சு போட்டேனே, அது ஒனக்குப் போட்டதும்மா. கொறைச்சுப் போட்டா ஒன்னைய வேலையில ஏசுவாங்கன்னு நெனச்சேன்."

"எனக்கா?" அந்தப் பெண் நிஜமாகவே திகைத்துவிட்டாள். "எனக்கு மார்க்கே இல்ல ஆன்ட்டி. நீங்க அஞ்சு போட்டாலும் ஒண்ணு போட்டாலும் எனக்கு ஒண்ணும் ஆகாது." கொஞ்சம் தயங்கி, "கடைசியில ஓவரால் இருக்கு. அதுல வேணும்னா கொறைச்சுக்கலாம்," என்றாள்.

"ஒண்ணு," என்றாள் மர்யம். வாழ்க்கையில் அவள் போட்ட முதல் ஒன்று. ரக்ஷனா அதைத் தட்டிவிட்டு, நன்றி சொல்லி, அடுத்த வீட்டுக்குப் போனாள்.

கதவைச் சாத்திவிட்டுத் திரும்பியபோதுதான் மர்யம் கவனித்தாள். மணி பத்தாகப் போகிறது. தொப்பி ஆணியிலேயே தொங்குகிறது. அதை எடுத்து அவர் மடியில் வைத்தாள்.

"மச்சான், போவோமா?"

ரவூப் அவளைப் பார்த்தார், தொப்பியைப் பார்த்தார், பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மிச்சமிருந்த அந்த ஒரு சொல்லையும் அவர் சொல்லவில்லை.