காத்தமுத்து அண்ணன் மிதிக்காத பேஸ்

எவ்வளவு சோப்புப் போட்டுக் குளித்தாலும், ஞாயிற்றுக்கிழமைகூட எங்கள் உடம்பில் புகை வாசனை போகாது... செமோர் பக்கத்துத் தோட்டத்தில், ரப்பர் ஷீட்டுக்குப் புகை போடும் ஸ்டோரில் எனக்கு முதல் வேலை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகள். மீசை முளைத்த புதுசு.

ஸ்டோருக்குப் பெரிய ஆள் காத்தமுத்து அண்ணன். ஷீட்டை யாராவது மிதித்துவிட்டால் போதும், "காலை எட்றா!" என்று அவர் போடும் சத்தத்தில் கொட்டகையே அதிரும். அழுக்குப் பட்ட ஷீட் விலை போகாது அல்லவா!

பக்கத்து ஈயச் சுரங்கத்து அமெரிக்கத் துரை ஒருவர் எங்களுக்குப் பேஸ்பால் பழக்கினார். மட்டையைக் கையில் வாங்கிய அன்றே தெரிந்துவிட்டது, அண்ணன் பிறவி ஆட்டக்காரர். அவர் அடித்தால் பந்து நாங்கள் குடியிருந்த லயத்துக் கூரையைத் தாண்டும். அவர் ஆட வந்தால் அடுப்பை அணைத்துவிட்டு எல்லாரும் வந்து நிற்பார்கள்.

எங்கள் தோட்டத்துத் துரைக்கு மட்டும் வயிற்றெரிச்சல். சுரங்கத்து ஆட்களோடு ஆடும் ஆட்டத்தில் தோற்றால், நாங்கள் ஆடும் திடலில் ரப்பர் கன்று நட்டுவிடுவேன் என்று சொல்லிவிட்டார். எங்களுக்கு இருந்த ஒரே வெட்டவெளி அது...

ஆட்டத்தன்று பார்த்தால், அடித்தவன் ஓடித் தொட வேண்டிய நான்கு பேஸுக்கும் போடும் சாக்குப் பைகள் மழையில் மக்கிக் கிடந்தன. நான்தான் பெரிய புத்திசாலி மாதிரி ஓடிப்போய் நான்கு ஷீட்டைக் கொண்டுவந்து விரித்தேன்.

அங்கேதான் வினை.

அண்ணன் முதல் பந்தையே லயத்துக்கு அந்தப் பக்கம் அனுப்பிவிட்டு ஓடினார். பேஸைக் காலால் தொட வேண்டும் என்றுதான் எங்களுக்குத் தெரியும். அவரோ ஒவ்வொரு ஷீட்டையும் சாக்கடையைத் தாண்டுவதுபோல் தாண்டினார். நடுவராக நின்ற அமெரிக்கத் துரை கையைத் தூக்கினார். அவுட்!

"ஏண்ணே மிதிக்கல?" என்று கேட்டேன்.

"ஷீட்டுலா அது! எப்படிடா மிதிக்கிறது?"

அடுத்து எதிரணிக்காரன் ஒருவன் இரண்டாவது பேஸில் ஜம்மென்று ஏறி நின்றான். அண்ணனுக்குப் பொறுக்கவில்லை. "காலை எட்றா!" பயந்துபோய்த் துள்ளி இறங்கியவனை நான் பந்தால் தொட்டேன். பேஸில் நிற்காதவனைப் பந்தால் தொட்டால் போச்சு; அவனும் அவுட். அமெரிக்கத் துரை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

கடைசியில் இரண்டு அணியும் சமம். மட்டை அண்ணன் கையில். அதற்குள் நான் நடுவரிடம் விசாரித்துவிட்டு வந்தேன்.

"அண்ணே, கையால தொட்டாலும் செல்லுமாம்லா!"

"இத முன்னாடியே சொல்றதுக்கு என்னடா?"

அடித்தார். ஓடினார். ஒவ்வொரு பேஸிலும் குனிந்து, ஷீட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பந்து திரும்பி வந்துகொண்டிருக்கிறது, இவர் கும்பிட்டுக்கொண்டிருக்கிறார்! "கும்பிட்டது போதும்ணே, ஓடுங்க!" என்று லயமே கத்தியது. கடைசி பேஸில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து இரண்டு கையாலும் தொட்டார். பந்து அதற்குப் பிறகுதான் வந்து சேர்ந்தது.

திடல் தப்பியது. எங்கள் துரை பங்களாவுக்குப் போய்விட்டார்.

அதன் பிறகு அண்ணன் பல வருஷம் ஆடினார். சாக்குப் பை போட்டாலும் குனிந்துதான் தொடுவார். அவரைப் பார்த்து நாங்கள், எங்களைப் பார்த்து எங்கள் பிள்ளைகள்...

இன்று அந்தத் தோட்டமே இல்லை. திடலில் வரிசையாக வீடுகள். அண்ணன் போய்ச் சேர்ந்து எவ்வளவோ காலமாயிற்று. நான் இப்போது குனோங் ராபாட் ஊரில், மகன் வீட்டில்.

நேற்று சாயங்காலம் பேரன் வாசலில் கூட்டாளிகளோடு ஆடிக்கொண்டிருந்தான். பேஸுக்குப் பழைய சிலிப்பர். குனிந்து அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு ஓடுகிறான்!

"டேய், சிலிப்பரப் போயா கண்ணுல ஒத்திக்கிற?"

"அப்படித்தான் ஆடணும் தாத்தா. ரூல்லா!"

காத்தமுத்து என்று ஒருவர் இருந்ததே அவனுக்குத் தெரியாது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

நாலாவது பேஸுக்கு ஒரு சிலிப்பர் குறைகிறது என்றான். என் காலில் இருந்ததைக் கழற்றிக் கொடுத்தேன்.